பழைய மோட்டாரும் புதிய பொறியும்

மே மாதத்தின் கடைசி வாரங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் வந்து மோதத் தொடங்கியதும், கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதை மேகத்துக்குள் மறைந்துவிடுகிறது. வழியிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்வது வழக்கம். அப்பாதையின் ஓரத்தில் பழைய மோட்டார் வண்டி ஒன்று நின்றுபோயிருப்பதும், பொனட்டைத் திறந்து, ஒருவர் குடை பிடிக்க மற்றொருவர் தலையை உள்ளே நுழைத்து எதையோ துடைத்துக்கொண்டிருப்பதும் மலைநாட்டாருக்குப் புதிய காட்சியன்று. அவர் துடைப்பது பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் சிறு கருவியின் மூடியாகவே இருக்கும்.

அந்த மூடியின் கீழே இரண்டு சிறு உலோக முனைகள் இருக்கின்றன. கராஜ்களில் அவற்றைப் 'பொயின்ட்' என்பர். அவற்றைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இலத்திரனியல் பொறியமைப்பு ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம், பழைய வண்டி வைத்திருப்போரிடையே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி, இரண்டு கம்பிகள், பொருத்துவதற்கு அரைமணி நேரம். ஒருமுறை பொருத்திவிட்டால் பிறகு அதை மறந்துவிடலாம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மறந்துவிடலாமா என்பதுதான் கேள்வி. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடற்கரையோரம் ஓடும் வண்டிக்கு இதற்கு ஒரு விடை உண்டு. நள்ளிரவில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டிய வண்டிக்கு அதே விடை பொருந்துமா?

இலங்கையில் பழைய வண்டிகள் இத்தனை காலம் உயிரோடிருப்பதற்கு அவற்றின்மேல் உள்ள அன்பு மட்டும் காரணமன்று. 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி ஒடுக்கப்பட்டது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், அதற்கு முன்னரே கப்பலில் வந்திறங்கிய மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் ஹில்மனையும் லாண்ட்ரோவரையும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. ஒரு வண்டியின் பாகம் மற்றொரு வண்டிக்குப் போவதும், இல்லாத பாகத்தைப் பட்டறையில் கடைந்துகொள்வதும் அக்காலத்தில் சாதாரணம். அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990-களில் அவ்வண்டிக்குரிய தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தார். அங்கே பிறந்து இங்கே வாழவந்த வண்டிக்கு இங்கிருந்து உடுப்புப் போனது என்று சொல்லலாம். பின்னர் 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது; தனியார் வண்டிகளுக்கான தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளிலும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாம் என்ற எண்ணத்துக்குப் பலருக்கு இடமே இருக்கவில்லை.

தோட்டப்புறங்களில் வண்டி என்பது உல்லாசப் பொருளன்று. முற்காலத்தில் லயத்தில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால், கொழுந்து ஏற்றும் தோட்ட லொறியே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். லொறி இல்லாத வேளையில் கம்பளியில் கிடத்தித் தோளில் சுமந்து செல்வர். இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் எழுப்பப்பட்ட புதிய கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016-இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. எனினும், மேற்பிரிவு லயங்களிலிருந்து பெருவீதி வரையிலான கரடுமுரடான பாதையை யாரேனும் ஒருவருடைய சொந்த வண்டியே கடந்து தரவேண்டிய இரவுகள் இன்னும் உண்டு. பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணையும் அவளுடைய தாயையும் பின்னிருக்கையில் ஏற்றியபின், வண்டி கிளம்புமா, கிளம்பினால் நடுவழியில் நிற்குமா என்பது எஞ்சின் சாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வியாக இருப்பதில்லை.

பொறியமைப்பின் தத்துவம் எளியது. அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1910-ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றுப் பிறகு ஏறத்தாழ உலகிலுள்ள பெற்றோல் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. பற்றரியின் 12 வோல்ட் மின்சாரம், கொயில் என்னும் உருளைக்குள் தடித்த கம்பியின் சில நூறு சுற்றுகளினூடே ஓடுகிறது. அதே உருளைக்குள் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. பொயின்ட் முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் வரை தடித்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள நான்கு முகப்புக் கொண்ட பகுதி சுழன்று வந்து அம்முனைகளைப் பிரித்தவுடன் மின்னோட்டம் அறுகிறது. ஓடும் வாய்க்காலின் மடையைச் சட்டென்று அடைத்தால் நீர் எகிறித் துள்ளுமல்லவா? அதுபோலக் காந்தப்புலம் சரியும் அந்தக் கணத்தில் மெல்லிய கம்பியில் 15,000, 20,000 வோல்ட் என்று அழுத்தம் எழுகிறது. அதை ரோட்டர் என்னும் சுழல்கை ஏற்று, முறைப்படி ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு 100 தடவை நடைபெறுகிறது.

நொடிக்கு 100 தடவை அடிபடும் இரு முனைகள் தேயாமல் இருக்கமுடியாது. பிரித்தானிய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் லூக்காஸ் 25டி வகை டிஸ்ட்ரிபியூட்டரில், முனைகள் முழுவதும் விரிந்து நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். தண்டின்மேல் உரசும் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி குறைகிறது. குறையக் குறையப் பொறி எழும் நேரம் பிந்துகிறது. பிந்தினால் எஞ்சின் சூடேறி, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பொயின்ட் முனைகளுக்குத் துணையாக இருந்து, அவை பிரியும்போது எழும் சிறு தீயை அடக்குவது கொன்டென்சர். அது கெட்டால் முனைகள் கருகிப் போகும். முன்னாளில் கொன்டென்சர் ஒன்று பல்லாண்டு உழைத்தது. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான கொன்டென்சர்களைப் பற்றிப் பழைய வண்டிக்காரர்கள் எல்லா நாடுகளிலும் குறைசொல்கின்றனர். பொயின்ட் முறைமீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் இத்தகைய தரமற்ற உதிரிப்பாகங்களைச் சேரவேண்டியது.

இம்முனைகளுக்கு விடைகொடுக்கும் முயற்சி புதியதன்று. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது வானொலிப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது போலவே மோட்டார் வண்டியின் பொனட்டுக்குள்ளும் புகுந்தது. கிறைஸ்லர் நிறுவனம் 1973 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்ற தன் வண்டிகள் அனைத்துக்கும் இலத்திரனியல் பொறியமைப்பையே வழங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். ஏற்கெனவே வீதியில் ஓடிய பழைய வண்டிகளுக்கென்று பிரித்தானியாவின் லூமெனிஷன், அமெரிக்காவின் பெர்ட்ரோனிக்ஸ் முதலியவை தனியாகப் பொருத்திக்கொள்ளும் அமைப்புகளை வெளியிட்டன. சிலவற்றில் ஒரு சிறு ஒளிக்கற்றையை வெட்டி மறைப்பதன் மூலம் நேரம் அறியப்படுகிறது. வேறு சிலவற்றில், தண்டின்மேல் காந்தங்கள் பதித்த வளையம் ஒன்று மாட்டப்படுகிறது. ஒவ்வொரு காந்தமும் கடந்து செல்லும்போது, எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்கும் உணர்கருவி டிரான்சிஸ்டருக்குச் சைகை தருகிறது; டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை அறுக்கிறது. உரசுவது எதுவுமில்லை, ஆகவே தேய்வதும் இல்லை.

இதனால் கிடைக்கும் நன்மை மெய்யானது. அறுபது ஆண்டு உழைத்த டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு, தன் குழலுக்குள் சற்று ஆட்டம் கொடுத்தே சுழலும். பொயின்ட் முறையில் இந்த ஆட்டம் இடைவெளியைச் சுற்றுக்குச் சுற்று மாற்றி, நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு விதமான நேரத்தைத் தரும். உணர்கருவி இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பொருத்திய அன்றே எஞ்சின் சீராக உறுமுவதைக் கேட்டு வண்டிக்காரர் முகம் மலர்வதற்கு இதுவே முதன்மையான காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி பார்க்கும் வேலையும் ஒழிந்துவிடுகிறது.

ஆனால் மலைநாட்டு வண்டிக்காரர் இவ்வமைப்பிடம் எதிர்பார்க்கும் இரண்டு வரங்கள் அதனிடம் இல்லை. மழையிலும் மூடுபனியிலும் வண்டி நிற்காது என்பது முதல் எதிர்பார்ப்பு. ஈரத்தில் எஞ்சின் நிற்பது பெரும்பாலும் 12 வோல்ட் பக்கத்துக் குறையினால் அன்று. 20,000 வோல்ட் பக்கத்துக் குறையினால். மூடியின் உட்புறத்தில் படியும் பனித்துளியும், தடித்த கம்பிகளின்மேல் படிந்த அழுக்கும் ஈரமும், அந்த உயரழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியே கசிவதற்கு வழி செய்கின்றன. மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. இலத்திரனியல் பெட்டி இவற்றில் எதையும் தொடுவதில்லை. பழைய மூடியையும் பழைய கம்பிகளையும் வைத்துக்கொண்டு பொயின்டை மட்டும் மாற்றியவர், அடுத்த மழையில் அதே வளைவில் நின்று அதே மூடியைத்தான் துடைப்பார்.

பொறி பலமடங்கு வலுப்பெறும் என்பது இரண்டாவது எதிர்பார்ப்பு. பழைய கொயில் அப்படியே இருக்க, அதன் மின்னோட்டத்தை அறுக்கும் கை மட்டுமே மாறியிருக்கிறது. ஆற்றல் எங்கிருந்து கூடும்? அறுப்பு துப்புரவாக நிகழ்வதால் சிறிதளவு நன்மை இருக்கலாம், அவ்வளவே. நுவரெலியாவில் வண்டி இழுக்கவில்லை என்று குறைப்படுவோர் காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். அவ்வூர் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. கொழும்பில் எஞ்சின் இழுக்கும் காற்றைக் காட்டிலும் அங்கே இழுக்கும் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கொழும்பில் திருத்தியமைத்த கார்புரேட்டர் அங்கே தேவைக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும், பிளக்குகள் கரிபிடிக்கும், கரியின் வழியாகப் பொறியின் வலு கசியும். இதற்கு மருந்து கார்புரேட்டரில் இருக்கிறதேயன்றிப் பொறிப் பெட்டியில் இல்லை.

இனி, இப்பெட்டிகள் எவ்வாறு இறக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். பெரும்பாலானவை முதுமையினால் இறப்பதில்லை; பொருத்திய நாளிலோ அடுத்த சில வாரங்களிலோ கொல்லப்படுகின்றன. கொல்லும் காரணங்களில் முதன்மையானது பற்றரியின் திசை. இக்கால வண்டிகளில் பற்றரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். பொசிட்டிவ் முனையே எர்த். மொறிஸ் மைனர் தன் உற்பத்தியின் கடைசி வரையிலும் இப்படித்தான் வந்தது. நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்யப்பட்ட பெட்டியைப் பொசிட்டிவ் எர்த் வண்டியில் இணைத்துச் சாவியைத் திருப்பினால், ஒரு நொடியில் அதன் ஆயுள் முடிந்துவிடும். புகை கூட வருவதில்லை. புத்தகத்தைப் பார்த்து முடிவுசெய்வதும் ஆபத்து. ஏனெனில் டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பானிய ஆல்டர்னேட்டர் பொருத்தியபோது திசை மாற்றப்பட்ட வண்டிகள் பல இந்நாட்டில் ஓடுகின்றன. பற்றரியின் எந்த முனையிலிருந்து உடலுக்குத் தடித்த பட்டி போகிறது என்பதைக் கண்ணால் கண்டே உறுதிசெய்தல் வேண்டும். வாங்கும்போதும் திசையைச் சொல்லியே வாங்கவேண்டும். இரு திசைக்கும் தனித்தனி அமைப்புகள் விற்கப்படுகின்றன.

அடுத்தது கொயில். பழைய வண்டிகளுக்குரிய கொயிலின் தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 3 ஓம் தடை இருக்கும். அதில் 4 அம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும். பிற்கால வண்டிகளின் கொயில்களில் 1.5 ஓம் தடை உடையவை உண்டு; அவை வெளியே தனித் தடைக்கம்பி ஒன்றோடு சேர்ந்து இயங்குமாறு அமைக்கப்பட்டவை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய கொயிலைத் தடைக்கம்பி இல்லாமல் மாட்டிவிட்டால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். பொயின்ட் முனைகள் அதைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டு கருகும், டிரான்சிஸ்டர் பொறுக்காது. ஒரு சிறு மீட்டரால் அளந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது சாவியைத் திருப்பியபடியே நெடுநேரம் விட்டுவைப்பதும் அத்தகையதே. சில அமைப்புகளில் மின்னோட்டம் இடைவிடாது பாய்ந்து பெட்டியைச் சுட்டுவிடும்.

மூன்றாவது காரணம் வானொலி நேயர்களுக்கு வேறொரு வகையில் பழக்கமானது. வீதியில் பழைய வண்டியொன்று போகும்போது வானொலியில் படபடவென்று இரைச்சல் எழுவதுண்டு. பொறி எழும்போதெல்லாம் வண்டியிலிருந்து வானொலி அலைகளும் கிளம்புவதே அதற்குக் காரணம். இத்தொல்லையைத் தடுக்கப் பிரித்தானியாவில் 1952-இல் சட்டவிதிகளே வகுக்கப்பட்டன. பிளக்குக் கம்பிகளில் தடை சேர்ப்பதுதான் பரிகாரம். ஆனால் பழைய வண்டிகள் பலவற்றில் வெறும் செப்புக் கம்பிகளே இன்றும் இருக்கின்றன. வீட்டிலுள்ள வானொலியைக் குழப்பும் அந்த அலைகள், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் உணர்கருவியைச் சும்மா விடுமா? பொய்ச் சைகைகளால் எஞ்சின் தடுமாறும். தடையுள்ள கம்பிகளைப் போடவேண்டும் என்று அமைப்போடு வரும் தாளில் எழுதியிருக்கும். அத்தாள் பெரும்பாலும் பெட்டியோடு சேர்த்து எறியப்பட்டுவிடுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டையும் உடலையும் இணைக்கும் ஒரு மெல்லிய பின்னல் கம்பி உண்டு. எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தட்டு அசையும்போதெல்லாம் இதுவும் வளைந்து நிமிர்கிறது. பல்லாண்டு வளைந்தபின் உறைக்குள்ளேயே அறுந்து, தொட்டும் தொடாமலும் இருக்கும். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே நான்கு தடவை நின்று நான்கு தடவையும் தானாகவே கிளம்பும் வண்டியில் இக்கம்பியை முதலில் சந்தேகிக்கலாம். புதிய பெட்டியைப் பொருத்தும்போது இதை மாற்றாதவர், பழைய நோயைப் புதிய மருந்தின் தலையில் கட்டுகிறார்.

பற்றரியின் வலுக்குறைவு தனியாகச் சொல்லத் தக்கது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் புல்தரையில் உறைபனி படியும் விடியல்கள் உண்டு. அவ்வேளையில் ஸ்டாட்டர் மோட்டார் கெட்டிப்பட்ட எண்ணெயோடு மல்லாடி, பற்றரியின் அழுத்தத்தை 12 வோல்ட்டிலிருந்து 9-க்கும் கீழே இழுத்துவிடும். பொயின்ட் முனைகள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மெலிந்த பொறியாயினும் ஒன்றைத் தரும். இலத்திரனியல் பெட்டிக்கு ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே அது வாயே திறக்காது. ஏறத்தாழச் செத்துவிட்ட பற்றரியோடு வண்டியைச் சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் கிளப்பும் கலை மலைநாட்டில் எல்லோரும் அறிந்தது. சரிவுக்கு அங்கே பஞ்சமுமில்லை. அந்தக் கலை பொயின்ட் வண்டியில் பலித்த அளவுக்குப் புதிய அமைப்பில் பலிப்பதில்லை.

இவ்வளவையும் தவிர்த்துச் சரியாகப் பொருத்திய நல்ல அமைப்பு பல்லாண்டு தொந்தரவின்றி உழைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அது அடிக்கடி பழுதாகும் பொருளன்று. எனினும், பழுதாகும் விதத்தில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. பொயின்ட் முனைகள் முன்னறிவித்தே கெடுகின்றன. காலையில் கிளம்பச் சிறிது தாமதம், ஏற்றத்தில் ஒரு திணறல், சைலன்சரில் ஒரு வெடிப்பு என்று வாரக்கணக்கில் முறையிட்டபின்னரே வண்டி நிற்கும். நின்றபின்னும் வழி உண்டு: மெல்லிய அரத்தால் முனைகளைத் தேய்த்து, இடைவெளியை நெருப்புப் பெட்டி அட்டையின் கனத்துக்கு வைத்து, அருகிலுள்ள நகரம் வரை ஓட்டிச் சேர்த்தவர்கள் எண்ணற்றோர். இலத்திரனியல் பெட்டியோ நேற்று வரை குறைவின்றி இருந்து, இன்று ஒரு கணத்தில் அணைந்துபோகும். வீதியோரத்தில் அதைத் திறந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிசினில் புதைத்த ஒரு கறுப்புக் கட்டி. உலகத்தின் மிகச் சிறந்த மெக்கானிக்கும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார். ஆயிரம் மைல் ஓட்டத்தில் எத்தனை தடவை பழுதாகிறது என்று எண்ணினால் புதியது வெல்லும். பழுதானபின் எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும் என்று எண்ணினால் பழையது வெல்லும். மஸ்கெலியாவிலோ ராகலையிலோ இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இரண்டாவது கணக்கே முக்கியம்.

பெட்டியின்மேல் பழி போடுமுன் அது உண்மையாகவே குற்றவாளியா என்றும் பார்க்கவேண்டும். உயரமான இடங்களில் திரவங்கள் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை சென்ரிகிரேட்டில் கொதித்துவிடுகிறது. பெற்றோலும் அப்படியே. நீண்ட ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறிய எஞ்சினின் சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் வண்டி நிற்கும். அரைமணி ஆறவிட்டால் கிளம்பும். இது பொறியின் குறை போலவே தோன்றும். தரமற்ற ரோட்டர்களும் இதே வேடம் போடுகின்றன. அவற்றில் உலோகத் தகட்டைப் பிடிக்கும் ஆணி கீழே தண்டுக்கு மிக அருகில் வந்துவிடுவதால், சூடேறியதும் மின்சாரம் அதன் வழியே உடலுக்கு ஓடிவிடும். சோதிப்பதற்கு, கையிருப்பில் ஒரு பிளக்கை வைத்திருந்து, கம்பியின் நுனியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினோடு அழுத்திப் பிடித்து ஸ்டாட்டரைச் சுழற்றிப் பார்ப்பது நல்லது. பொறி தெரிந்தால் பெற்றோல் வழியைத் தேடலாம். முற்காலத்தில் செய்ததுபோல வெறும் கம்பியை உலோகத்திலிருந்து எட்ட நிறுத்திப் பொறியைத் தாவவிடும் சோதனை இலத்திரனியல் அமைப்புக்கு ஆகாது. போக வழியில்லாத உயரழுத்தம் திரும்பிவந்து பெட்டியையே தாக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே, பலர் மறந்துவிட்ட நடுவழி ஒன்றும் இருக்கிறது. பொயின்ட் முனைகளை அப்படியே விட்டுவைத்து, 4 அம்பியர் மின்னோட்டத்தை அறுக்கும் பாரத்தை மட்டும் டிரான்சிஸ்டரிடம் ஒப்படைக்கும் அமைப்பு அது. முனைகள் ஒரு சிறு சைகை மின்னோட்டத்தையே தாங்குவதால் கருகுவதில்லை. குதிகால் தேய்வது மட்டுமே மிஞ்சும். டிரான்சிஸ்டர் கெட்டால், கம்பிகளை இடம் மாற்றிப் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். சிலவற்றில் அதற்கென்று ஒரு சுவிச்சே உண்டு. 1960-களில் தோன்றிய இம்முறைக்கு இன்றைய விளம்பரங்களில் அவ்வளவு இடமில்லை. தோட்டப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் காண்பது அரிது.

முழு இலத்திரனியல் அமைப்பையே விரும்புவோர், கழற்றிய பொயின்ட் தட்டை எறிந்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். மலைநாட்டு நிலைமையில் இது விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமன்று. தட்டோடு பொயின்டும் நல்ல கொன்டென்சரும் சேர்த்து, இடைவெளியும் ஏறத்தாழச் சரியாக வைத்து, எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் இட்டு இருக்கைக்குக் கீழே வைக்கலாம். கூடவே ஒரு ஸ்குரூ டிரைவர், இடைவெளி அளக்கும் தகடு, ஒரு ரோட்டர், ஒரு பிளக், கைமின்விளக்கு. இன்னும் வசதியுள்ளவர் முழு டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றையே தயாராக வைத்திருப்பார். உதிரிப்பாகம் தேடுவோர்க்கு இந்தியாவும் ஒரு வாயில். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர் அங்கே 2014 வரை உற்பத்தியாயிற்று. லூக்காஸ் மரபுப் பாகங்களைச் செய்த லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

டின்னில் இருப்பது இருக்கிறது என்ற நம்பிக்கையும் போதாது. மழை தொடங்குமுன், ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், வெயில் இருக்கும்போதே இலத்திரனியல் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய தட்டைப் பொருத்தி, ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை போய்த் திரும்பிப் பார்க்கவேண்டும். முதல் தடவை அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மூன்றாவது ஆண்டில் இருபது நிமிடம் போதும். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த வேறு எவரும் இருந்தால், அவரையும் ஒருமுறை கைமின்விளக்கின் வெளிச்சத்தில் அதைச் செய்யவைப்பது நல்லது.